ஓசூரில் காய்ச்சிய பால்

பாலைக் காய்ச்சிட்டு வாங்கன்னு சொன்னது நான்தான். அதை முதல்லயே சொல்லிப்புடுறேன், இல்லைன்னா இந்தப் பேச்சியம்மா ஊர்க்கதை எல்லாம் பேசுவா, தன் தப்பை மட்டும் மாவோட மாவா சலிச்சு விட்டுருவான்னு நாளைக்கு நாலு பேரு சொல்லுவாங்க.

சாத்தூர்ல ரயிலடிக்கு மேற்க எங்க தெரு. அதுல நான் மாவு மில் வச்சு இருபத்திரண்டு வருசம் ஆகுது. அரைக்க வர்ற பொம்பளைக எல்லாரும் மிஷின் சத்தத்துக்கு மேல கத்திப் பேசியே பழகிட்டதால எங்க தெருவுல ரகசியம்னு ஒண்ணு கிடையாது. ஒருத்தி மாமியாரைப் பத்திச் சொல்றது தெருமுனை வரைக்கும் கேக்கும், அந்த மாமியாரு அங்கதான் உக்காந்திருப்பா. என் மில்லுக்கும் செண்பகம் வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் சுவரு. அதனால அவளும் அவ புருசன் சுப்புராஜும் ஓசூருக்குக் குடி போறதா வேண்டாமான்னு சித்திரையில ஆரம்பிச்ச பேச்சு, ஆனி கடைசி வரைக்கும் ஒரு முடிவுக்கும் வராம உருண்டுக்கிட்டே கிடந்தது எனக்கு மட்டுமில்ல, மிளகாய் அரைக்க வந்தவ, கேப்பை அரைக்க வந்தவ எல்லாருக்கும் மனப்பாடம்.

சுப்புராஜ் நூல் மில்லுல மிஷின் பிட்டரு. மில்லு வாரத்துல மூணு நாள் ஓடினா பெருசுன்னு ஆயிப்போச்சு. ஓசூர்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசர் வேலை காலியா இருக்குன்னு அவன் சேக்காளி ஒருத்தன் சொல்லி வச்சான். ஆனா செண்பகத்துக்கு இங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையல் வேலை. கால்காசுன்னாலும் கவர்மெண்டு காசுன்னு அவ அப்பன் நடையா நடந்து வாங்கிக் குடுத்த வேலை, நூத்தி எண்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற வேலை, அதை விட்டுட்டுப் போக மனசு வருமா? போவோமான்னு அவன் கேப்பான். உங்க இஷ்டம்னு இவ சொல்லுவா. என் இஷ்டத்துல என்ன இருக்கு, உன் இஷ்டம்தான்னு அவன் சொல்லுவான். காலையில அவன் வீசின இஷ்டத்தை மத்தியானம் இவ திருப்பி வீசுவா, சாயந்தரம் அது மறுபடி இங்கிட்டு வந்து விழும். இருக்கன்குடி அம்மன் கோயில்ல போய்ப் பூக்கட்டிப் பாத்தாங்க. முதல் தடவை போகச் சொல்லி வந்துச்சு, ரெண்டாம் தடவை போகாதேன்னு வந்துச்சு, மூணாந்தடவை பொட்டலம் எடுக்கச் சொன்ன குழந்தை ரெண்டு பொட்டலத்தையும் சேத்து அள்ளிடுச்சு. ஆத்தாளுக்கே அலுத்துப் போச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

இதுக்குள்ள ஆனி முடிய வந்துச்சு. ஆடி பொறந்துட்டா யாரும் புது வீட்டுல பால் காய்ச்ச மாட்டாங்க. ஓசூர்ல அந்தச் சேக்காளி பாத்து வச்ச வீட்டுக்காரரு, முனிரத்தினம்னு பேரு, வேற ஆளுக கேக்குறாங்க சார், வேற ஆளுக கேக்குறாங்க சார்னு போன் மேல போன் போட்டாரு. அப்பத்தான் நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, போறதா வேண்டாமான்னு அப்புறமா முடிவு பண்ணுங்க தாயீ, பாலை மட்டும் காய்ச்சி வச்சுட்டு வந்துருங்க, காய்ச்சியாச்சுன்னா ஆடியோ மார்கழியோ எப்ப வேணாலும் குடி போகலாம், போகலைன்னாலும் ஒரு லிட்டர் பாலோட போச்சுன்னு சொன்னேன். எங்க பக்கம் எல்லாரும் செய்யிறதுதான் இது. ஆனா போறவங்கதான் செய்வாங்க, போவோமா வேண்டாமான்னு இருக்குறவங்க செய்ய மாட்டாங்க. அந்த வித்தியாசம் அன்னைக்கு என் புத்தியில ஏறல.

அவங்களுக்கு ஒரே பிள்ளை, சுடர்க்கொடின்னு பேரு, ஒன்பதாவது படிக்குது. அதுக்குப் பால் காய்ச்சுற அன்னைக்கு மிட்டேர்ம் பரிட்சை. பிள்ளையை நான் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்கன்னு அதையும் நான்தான் சொன்னேன். புருசனும் பொண்டாட்டியும் பஸ் ஏறிப் போய், நாலாவது மாடி வீட்டுல உப்பும் மஞ்சளும் அரிசியும் வச்சு, அடுப்பைப் பத்த வச்சுப் பாலை ஏத்துனாங்க. கிழக்கால பொங்கி வழிஞ்சுச்சாம், நல்ல சகுனமாம். ஆளுக்கொரு டம்ளர் குடிச்சுட்டு, வீட்டுக்காரங்களுக்கும் குடுத்துட்டு, கதவைப் பூட்டிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டாங்க. வந்து இறங்கும்போதே ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு அசதி.

மூணாம் நாள் முனிரத்தினம் போன் பண்ணினாரு. என்ன சார், உங்க வீட்டுல மோட்டாரைப் போட்டா நிறுத்தவே மாட்டேங்கறீங்க, டேங்க் வழிஞ்சு மாடிப்படி எல்லாம் தண்ணின்னாரு. சுப்புராஜ், நாங்க சாத்தூர்ல இருக்கோம் சார்னான். நீங்க எங்க வேணா இருங்க சார், மோட்டாரை மட்டும் நிறுத்துங்கன்னு சொல்லிட்டு அவரு வச்சுட்டாரு. அப்புறம் அவன் சேக்காளி பேசினான். வேலையில சேந்தது சந்தோசம்டா, முதல் நாளே ஷிப்டுக்குச் சரியா வந்துட்டான்னு மேனேஜரே சொன்னாரு, ஆனா கேன்டீன்ல என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி அசந்து போய் உக்காந்திருந்தியே, உடம்புக்கு முடியலையான்னு கேட்டான். இவன் போனை வச்சுட்டுத் தன் கையைப் பாத்தான். நக இடுக்குல கிரீஸ். அன்னைக்கு எங்க ஊரு மில்லு லீவு.

ஆக, குடி போகாமலே ரெண்டு பேரும் அங்க குடி போயிட்டாங்க, இங்க இருந்து கிளம்பவும் இல்ல. செண்பகம் என் மில்லுல வந்து உக்காந்து, மாடிப்படியே இல்லாத தெருவுல இருந்துக்கிட்டு முழங்கால் ரெண்டும் மாடி ஏறி ஏறி விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுக்கான்னா. தானியம் நிறுக்குற தராசுல ஏறி நில்லுன்னு சொன்னேன். அம்பத்தாறு கிலோ பொம்பளை இருபத்தெட்டு கிலோ காட்டினா. சுப்புராஜை ஏத்தினேன், அறுபத்தி நாலு முப்பத்திரண்டா இருந்துச்சு. ஆளு பாக்க அதே ஆளுதான், கன்னம் ஒட்டலை, சேலை தொளதொளக்கல, கனம் மட்டும் பாதி இல்ல. மீதிக் கனம் ஓசூர்ல இருக்குன்னு தெருவுக்கே புரிஞ்சு போச்சு. யாரும் பெருசா அலட்டிக்கல. ஆடி மாசக் காத்து அடிக்கத் தொடங்கினதால அந்தக் கவலைதான் எங்களுக்கு முதல்ல வந்துச்சு. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுவாங்க, இருபத்தெட்டு கிலோ பொம்பளை எம்மாத்திரம்? என் வீட்டு அம்மிக்குழவியை எடுத்து அவ கூடையில போட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் இதைச் சுமந்துக்கோன்னு குடுத்தேன். சுடர் ஒரு பக்கம் அம்மா கையைப் பிடிச்சுக்கிடும்.

அப்புறம் தெரு அவங்களோட எப்படிப் பழகிக்கிச்சுன்னு சொல்லணும். ரேஷன் கடைக்காரரு, ஆளு பாதிதானே இங்க இருக்கு, பாதி அரிசிதான் போடுவேன்னு சட்டம் பேசினாரு. பொம்பளைக பத்துப் பேரு போய், பாதி ஆளுக்குத்தான் முழுப் பசி, ரெண்டு ஊரு வேலை பாக்குற உடம்பு அதுன்னு சண்டை போட்டு முழு அரிசி வாங்கிக் குடுத்தோம். கல்யாணப் பத்திரிகை வைக்கிறவங்க ஒரே வீட்டுக்கு ரெண்டு பத்திரிகை வச்சாங்க. சில்லுன்னு காத்தே இல்லாத புரட்டாசி வெயில்ல செண்பகம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுச் சோறு வடிச்சா, பிள்ளைக கேட்டா டீச்சருமாருக, அவங்களுக்கு ஓசூர்ல குளிருதுன்னு சாதாரணமா சொல்லிட்டாங்க. சுப்புராஜ் பேசிக்கிட்டு இருக்கும்போதே உக்காந்த வாக்குல தூங்கிருவான். அங்க நைட் ஷிப்டு போலன்னு யாராச்சும் ஒரு தலைகாணியைக் கொண்டாந்து அண்டக் குடுப்பாங்க.

ஒரு விசயம் எங்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டுச்சு. இங்க இருக்குற செண்பகத்துக்கிட்ட ஒண்ணு சொன்னா அது அங்க இருக்குறவளுக்குப் போய்ச் சேந்துரும். எப்படின்னு யாரும் கேக்கல. தபால் எப்படிப் போகுதுன்னு யாராச்சும் கேட்டமா? ஆனா அங்க நடக்குறது இவளுக்குத் தெரியாது. இங்கேருந்து அங்க சேதி போகும், அங்கேருந்து இங்க அசதிதான் வரும். அவ்வளவு போதும்னு தெரு அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. எங்க தெருவுல பாதி வீட்டுப் பையங்க ஓசூர்ப் பக்கம்தான் கம்பெனி கம்பெனியா வேலை பாக்குறாங்க, எவனும் ஒழுங்கா வீட்டுக்குப் பேச மாட்டான். ஏ செண்பகம், அங்கதான் இருக்கியே, என் மகன் ரூம்ல ஒரு எட்டு பாத்துட்டு வா. தம்பி சுப்புராஜ், அங்கதான் இருக்கியே, என் மருமகனுக்கு வண்டி ரிப்பேராம், என்னன்னு கேளு. எங்க சின்னப் பொண்ணு ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்லையாம், ஒரு கை ரசம் வச்சுக் குடு. அங்கதான் இருக்கியே, அங்கதான் இருக்கியேன்னு ஆளாளுக்கு ஒரு வேலை சொல்லி அனுப்புவோம், ரெண்டு நாள்ல அந்தப் பையன் போன் பண்ணி, அக்கா வந்தாங்கன்னு சொல்லுவான், இங்க செண்பகம் இன்னும் கொஞ்சம் வாடிப் போய் நிப்பா. முடியாதுன்னு சொல்ல அவளுக்கு வராது. அவளுக்கு வரவே வராத வார்த்தைக ரெண்டு, முடியாதும் போவோமும்.

நானும் சேத்துத்தான் சொல்றேன். என் மகன் கதிரேசன் அங்க ஒரு ரூம்ல நாலு பேரோட தங்கியிருக்கான். ரெண்டு தீபாவளிக்கு வரல, போன் போட்டா அப்புறம் பேசுறேம்மாம்பான், அந்த அப்புறம் வராது. ஐப்பசியில அவனுக்கு மஞ்சக்காமாலை. யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஓடிப்போய்ச் சுப்புராஜ் காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன். ஓசூர் சுப்புராஜ் அவனைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி போய், எட்டு நாள் கஞ்சி குடுத்து, கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துப் பிழைக்க வச்சான். அண்ணன் இல்லைன்னா நான் இல்லம்மான்னு கதிரேசன் முதல் தடவையா அரை மணி நேரம் பேசினான். அந்த எட்டு நாளும் எங்க சுப்புராஜ் எந்திரிச்சு நடக்க முடியாம என் மில்லு சாக்கு மேலயே கிடந்தான். அவனுக்கு நான் கடன்பட்டது ஜென்மத்துக்கும் தீராது, ஆனா பாருங்க, அந்த நன்றியிலதான் நான் பெரிய பாவத்தையும் பண்ணினேன்.

கார்த்திகை முதல் வாரம். சுப்புராஜ் வழக்கம் போல சாக்கு மேல கண்ணசந்துட்டான், அவன் போன் என் மேசையில கிடந்து அடிச்சுச்சு. எடுத்தேன். முனிரத்தினத்தோட சம்சாரம். நான் சொந்தக்காரின்னு நினைச்சுக்கிட்டு அந்தம்மா தயங்கித் தயங்கிப் பேசினாங்க.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. உங்க வீட்டுப் பொண்ணு தினமும் மூணு தட்டு எடுத்து வைக்கறாங்க. ரெண்டு பேரு சாப்பிட்டதும் மூணாவதையும் கழுவிக் கமுத்தறாங்க. சாயந்தரம் நாலரைக்கு ஸ்கூல் வேன் வர்ற நேரத்துக்கு நாலு மாடி இறங்கி வந்து கேட்டுல நிக்கறாங்க. எல்லாப் பிள்ளைங்களும் இறங்கினப்புறம் வேனுக்குள்ள ஒருக்கா எட்டிப் பாக்கறாங்க. அவ்ளோதான், திரும்பி ஏறிப் போயிடறாங்க. யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கறதில்ல. எனக்குப் பாக்க முடியலம்மா."

சுடர் அந்தப் பாலைக் குடிக்கலையே. பரிட்சை எழுதிட்டு என் வீட்டுல உக்காந்து தயிர்ச்சோறு தின்னுச்சே. அங்க போன பாதி ஆத்தாளுக்குப் பிள்ளை இல்ல. அஞ்சு மாசமா பெத்த பிள்ளை முகத்தைப் பாக்காம, எங்க போச்சுன்னு கேக்கவும் தெரியாம, தெருவுல இருக்குற எல்லார் பிள்ளைகளுக்கும் ரசமும் கஞ்சியும் வச்சுக் குடுத்துக்கிட்டு ஒருத்தி அங்க திரியிறா.

சொல்றேம்மான்னு சொல்லிட்டுப் போனை வச்சேன். சொல்லல. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு முப்பது நாளு சொல்லல. சொன்னா என்ன ஆகும்? ஒரு முடிவுக்கு வருவாங்க. இங்கயோ அங்கயோ ஒரே இடத்துல இருந்துருவாங்க. இங்கேயே இருந்துட்டா என் மகனை அங்க யாரு பாப்பா? அங்கேயே போயிட்டா நான் சேதி சொல்லி அனுப்ப இங்க யாரு இருப்பா? இப்படி நடுவுலயே இருந்தாத்தானே எனக்கு வசதி. அப்பத்தான் கதிரேசன் உடம்பு தேறி வந்துக்கிட்டு இருந்தான். பிள்ளைக்காக ஒரு ஆத்தா இன்னொரு ஆத்தாளை ஏமாத்துனது நிசம், சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

மார்கழி பொறந்துச்சு. செண்பகம் இடியாப்ப மாவு அரைக்க வந்தா, கூடவே அரிசித் தூக்கைச் சுடர்தான் தூக்கிட்டு வந்துச்சு. அப்பவே பிள்ளை முப்பத்தெட்டு கிலோ, அம்மாவை விடப் பத்து கிலோ கூட. மாவு இறங்கிக்கிட்டு இருந்துச்சு. செண்பகம் திடீர்னு வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பாத்தா. கடிகாரத்துல நாலரை. இன்னும் பிள்ளையைக் காணோமேன்னா. அம்மா, நான் இங்கதானே இருக்கேன்னு சுடர் சொல்லுச்சு. ஆமா, இருக்கேன்னு அவ பிள்ளை தலையைத் தடவினா. தடவிக்கிட்டே மறுபடியும் தெருவைப் பாத்தா. கண்ணெதிர பிள்ளையை நிறுத்தி வச்சுக்கிட்டு பிள்ளைக்கு ஏங்குறவளை நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. தினமும் இந்நேரத்துக்கு இப்படித்தான் பெரியம்மான்னு சுடர் என்கிட்ட சன்னமாச் சொல்லுச்சு.

நான் மிஷினை நிறுத்தினேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன், மூணு தட்டையும் சொன்னேன், வேனையும் சொன்னேன், முப்பது நாளையும் சொன்னேன், கதிரேசனையும் சொன்னேன்.

செண்பகம் திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். சாக்கு மேல உக்காந்து முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு, "முப்பது நாளா அவ கேட்டுல நின்னுருக்காளேக்கா"ன்னு மட்டும் சொன்னா.

அப்புறம் தெருவே கூடிருச்சு, மிஷின் சத்தம் இல்லாததால அன்னைக்குத்தான் எங்க தெருவுல எல்லாரும் மெதுவாப் பேசினாங்க. இப்படியே இருந்தா யாருக்கு என்ன குறைன்னு ஒருத்தரு கேட்டாரு. அவரு மருமகன் வண்டி இன்னும் சரியாகல. ஓசூர்க்காரியை இங்க வரச் சொல்லிச் சேதி அனுப்பலாமேன்னு ஒருத்தி சொன்னா. அதையும் சொல்லிப் பாத்தோம், செண்பகம் கண்ணை மூடிக்கிட்டு வா வான்னு கூப்பிட்டா, ஒண்ணும் நடக்கல. காய்ச்சின பாலைக் காய்ச்சாம ஆக்குற முறை எந்த ஊருலயும் இல்ல. மார்கழியில யாராச்சும் குடி போவாங்களா, தை பொறக்கட்டும், நாள் பாத்துப் பேசுவோம்னு பெரியவங்க தள்ளிப் போடப் பாத்தாங்க. இத்தனை பேரும் இத்தனை பேசினோமே, பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டமா? சித்திரையில இருந்து ஒருத்தரும் கேக்கல. அன்னைக்கு நான் கேட்டேன். எந்த ஊருன்னாலும் சரி பெரியம்மா, பாதி அம்மாவோட இருக்க முடியலன்னு சுடர் சொல்லுச்சு.

சுப்புராஜ் அரைத்தூக்கத்துல பொண்டாட்டியைப் பாத்தான். பழக்க தோசம், உன் இஷ்டம்னு ஆரம்பிச்சான்.

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நான் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஒத்தையாப் போயிருவேன்"ன்னா செண்பகம். "பால் எப்பவோ காய்ச்சியாச்சு. நாம எப்பவோ போயாச்சு. பிள்ளைதான் போகல. மார்கழியாவது ஒண்ணாவது."

சுப்புராஜ் எந்திரிச்சு உக்காந்தான். ஆறு மாசத்துல அவன் அவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து நான் பாக்கல. "சரி, போவோம்"னான். அப்பாடா, ஒத்தை வார்த்தை. அதுக்கு ரெண்டு ஊரும், ஒரு ஆத்தாளும், இத்தனை முழங்கால் வலியும் வேண்டியிருந்துச்சு.

அவ சத்துணவு வேலைக்கு ராஜினாமா எழுதும்போது அழுதா. அதையும் மறைக்க மாட்டேன், நல்லாவே அழுதா, அவ அப்பன் நடந்த நடையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதா. எழுதி முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, கடைசி நாளு நூத்தி எண்பது பிள்ளைகளுக்கும் முட்டை உரிச்சு வச்சுட்டு வந்தா. அரைப் பரிட்சை முடிஞ்ச மறுநாள் கிளம்பினோம். கிளம்பினோம்னு ஏன் சொல்றேன்னா நானும் போனேன். பாதி உடம்பை வச்சுக்கிட்டு அதுக ரெண்டும் எப்படி மூட்டை தூக்கும்? அதோட அந்த கேட்டுல நிக்கிறவ முகத்தைப் பாக்காம எனக்கு இனி மாவு அரைக்க ஓடாதுன்னு தெரிஞ்சு போச்சு.

விடியக் கருக்கல்ல ஏறி, மதுரையில மாறி, சேலத்துல மாறினோம். தொப்பூர்ல லாரி குறுக்க நின்னு ரெண்டு மணி நேரம் பஸ்ஸு நகரல. செண்பகம் எங்கயும் தூங்கல. மணி என்னக்கா, மணி என்னக்கான்னு கேட்டுக்கிட்டே வந்தா. வேன் வர்ற நேரத்துக்குப் போயிரணும்னு அவளுக்கு. போக முடியல. ஓசூர்ல இறங்கி ஆட்டோ பிடிக்கும்போது அஞ்சு தாண்டிருச்சு. குளிரு எலும்புல ஏறுச்சு, சுத்தி ஆளுக தெலுங்கு பேசினாங்க, கன்னடம் பேசினாங்க. கிளிப்பச்சைக் கலர் அடிச்ச நாலு மாடி வீட்டு முன்னாடி ஆட்டோ நின்னுச்சு.

அங்க பள்ளிக்கூடம் இன்னும் லீவு விடல, வேன் வந்துட்டுப் போயிருச்சு. ஆனா அவ ஏறிப் போகல. அன்னைக்கு மட்டும் ஏன் போகாம நின்னாளோ, இங்கேருந்து சேதி அங்க போகும்னு சொன்னேனே, அதுதானோ என்னவோ. ஸ்வெட்டரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, கேட்டுக் கம்பியில ஒரு கையை வச்சு, எங்க செண்பகம் நிக்கிற அதே நிலையில நின்னா. அதே முகம்தான். ஆனா எங்க செண்பகத்துக்கு வர்ற அசதி அவளுக்கு இல்ல. பசிச்சவ முகம் அது.

சுடர் முதல்ல இறங்குச்சு. பையை முதுகுல மாட்டிக்கிட்டு நேரா கேட்டுக்கிட்ட போச்சு. அவ ஓடி வரல, கட்டிப்பிடிக்கல, கத்தல. தினமும் நடக்குற மாதிரி பிள்ளை தோள்ல இருந்து பையைக் கழட்டித் தன் தோள்ல போட்டுக்கிட்டா. நெத்தியில புறங்கையை வச்சுப் பாத்தா.

"ஏன்டி இவ்வளவு நேரம்?"

"பஸ்ஸு லேட்டும்மா."

நான் திரும்பி ஆட்டோவுக்குள்ள பாத்தேன். சீட்டுல செண்பகத்தோட கூடை இருந்துச்சு, உள்ள என் அம்மிக்குழவி இருந்துச்சு, ஆளு இல்ல. சுப்புராஜ் மூட்டையைத் தூக்கிக்கிட்டு மேல போனான். கொஞ்ச நேரத்துல கம்பெனிச் சட்டை போட்ட சுப்புராஜ் சைக்கிள்ல வந்து இறங்கி, என்னக்கா எப்ப வந்தீங்கன்னு கேட்டுக்கிட்டு மேல போனான். அதுக்கப்புறம் மேல ஒருத்தன்தான் இருந்தான். முனிரத்தினம் கீழ நின்னுக்கிட்டு, ஒரு வழியா எல்லாரும் வந்துட்டீங்க, இனியாவது மோட்டாரை நேரத்துக்கு நிறுத்துங்கன்னாரு. அவரு சம்சாரம் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

நாலு மாடி. செண்பகம் படி ஏறும்போது காலடிச் சத்தம் கேட்டுச்சு, தொம் தொம்முன்னு, அம்பத்தாறு கிலோவும் இருந்துச்சு. எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு. கதிரேசனும் வந்துட்டான், நான் வர்றது தெரிஞ்சு ஷிப்டை மாத்திக்கிட்டு வந்திருந்தான், இளைச்சுப் போயிருந்தான். எதுக்கும்மா அங்க ஒத்தையில மாவு அரைச்சுக்கிட்டு, இங்கயே வந்து இருந்துக்கயேன்னு படியிலேயே கேட்டான். அவன் ஊரை விட்டுப் போன பதினோரு வருசத்துல முதல் தடவை கேக்குறான். பாப்போம்டான்னு சொன்னேன்.

உள்ள போனதும் செண்பகம் அடுப்புல பாலை வச்சா. பொங்கி வந்துச்சு, சுடருக்கு முதல்ல ஆத்திக் குடுத்தா, அது ஒரே மூச்சுல குடிச்சுட்டு உதட்டைத் துடைச்சுச்சு. எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினா. நான் கையை எடுத்துக் கும்பிட்டேன். வேண்டாம் தாயீ, எனக்குப் பால் சேக்காத கட்டங்காப்பி போதும், நான் இன்னும் முடிவு பண்ணலன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, கதிரேசன் மட்டும் சிரிக்கல. அவன் முகத்தைப் பாக்காம நான் காப்பியைக் குடிச்சேன்.

அப்புறம் அவ தட்டு எடுத்து வச்சா. எனக்கும் என் மகனுக்கும் வீட்டுக்காரம்மாகிட்ட இருந்து தட்டு வாங்கிட்டு வந்தாங்க. சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும். குனிஞ்ச தலை நிமிராமச் சாப்பிட்டோம், அவ்வளவு அசதி, அவ்வளவு பசி. சாப்பிட்டு முடிச்சதும் செண்பகம் தட்டுகளை ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கினா, சுடர் தட்டைக் கையில எடுத்தவ அதைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னா. ஓரத்துல ஒதுக்கி வச்ச கறிவேப்பிலை, கடிச்சுப் போட்ட மிளகாய், விரலால வழிச்ச தடம். ஆறு மாசமா கழுவிக் கழுவிக் கமுத்தின அந்த மூணாவது தட்டு அன்னைக்குத்தான் எச்சில் ஆச்சு.